தலைமாடு

சார்ஜா, இன்டஸ்ட்ரியல் பத்து.
மூன்று இரட்டைக் கட்டில், ஆறு பேர்.
எந்த நேரமும் யாராவது ஒருவர் தூங்குகிறார்.
ஆகவே என் ஸ்பீக்கர்கள்
திரையில் மட்டுமே முழங்குகின்றன.

"டிரைவரைத் தேர்ந்தெடு"
என்றுதான் மென்பொருள் தொடங்கும்.
எனக்குக் கீழ்க்கட்டிலில் ஒரு டிரைவர் கிடக்கிறார்,
தண்ணீர் டேங்கர், இரவு ஓட்டம்,
பெயர் காத்தமுத்து.
அவரை அது கேட்கவில்லை.

அது கேட்பது பத்து இஞ்ச் கூம்பை.
ஏதோ நிசானின் பின்சீட்டிலிருந்து பிடுங்கியது,
பழைய சாமான் சந்தையில் நாற்பது திர்ஹம்.
அளவுத்தாள் கிடையாது. நானே அளந்தேன்.
கொசு முனகும் அளவுக்கு மின்சாரம் விட்டேன்,
முப்பத்துநாலு ஹெர்ட்ஸில் நன்றாக ஆடியது.
ஐந்து ஒரு திர்ஹம் காசுகளை
சப்பாத்தி மாவு வைத்துக் கூம்பில் ஒட்டினேன்,
இருபத்தேழுக்கு இறங்கிவிட்டது.
காசு ஏறினால் குரல் இறங்கும்.
எங்கள் முதலாளிக்கு மட்டும்
இந்தச் சூத்திரம் பொருந்தாது.

அறுபது லிட்டர் பெட்டி,
நாலு இஞ்ச் குழாய், முப்பத்தாறு சென்டிமீட்டர்.
வளைவு சமதரையில் முப்பது வரை நடந்துபோய்
அங்கே பள்ளத்தில் விழுகிறது.
பெட்டியைச் சுருக்கினால் நடுவில் மேடு தட்டி
கல்யாண மைக்செட் போல ஊளையிடும்.
(ஊளையைத் திரையில் கண்டதுதான்.)
பகலெல்லாம் ஏசி டக்ட் மடிக்கிற கை இது,
அடைத்துவைத்த காற்றின் முரண்டு தெரியும்.
பலகை வாங்கவில்லை.
வாங்கி எங்கே வைக்க?
ஒரே பெட்டிக்கு இருபத்திரண்டு கோப்புகள்.

ஆகஸ்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல்.
காத்தமுத்து எழுந்து உட்கார்ந்திருந்தார்.
கண் இரண்டும் மிளகாய்.
"தலைமாட்டுல லாரி நிக்குதுப்பா,
இன்ஜினை அணைக்காம."
ஆறு மாதமாகச் சொல்கிறார்.
அசந்து தூங்குகிற எங்களுக்குக் கேட்காத லாரி.
டாக்டர் மாத்திரை எழுதினார்,
மாத்திரையைப் போட்டுக்கொண்டு
டேங்கர் ஓட்டுவது எப்படி என்று எழுதவில்லை.

மைக்கை அவர் தலையணையில் வைத்தேன்.
நாற்பத்தெட்டு ஹெர்ட்ஸில்
ஒற்றைக் கம்பமாய் எழுந்து நின்றது
ஜன்னல் ஏசி.

பிறகு, ஏன் தோன்றியதோ,
பெட்டியின் அளவு கேட்கும் கட்டங்களில்
அறையை எழுதினேன்:
மூன்று புள்ளி ஆறு, மூன்று, இரண்டு புள்ளி ஏழு.
இருபத்தொன்பதாயிரத்து நூற்று அறுபது லிட்டர் என்றது.
ஆளுக்கு எவ்வளவு என்று நான் வகுக்கவில்லை.
நீளவாக்கில் அழுத்தம் வரைந்து காட்டியது:
இரு சுவரிலும் மலை,
நடுவில் ஒன்றுமே இல்லை.
நடு என்பது சுவரிலிருந்து
ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு.
கட்டில் ஆறடி.

"அண்ணே, தலையணையைக் கால்மாட்டுல போடுங்க."
"அது வடக்குல்ல?"
"ஆமா."
"வடக்க தலை வச்சா ஆயுசு குறையும்டா."
"தூங்காம டேங்கர் ஓட்டுனா?"

திரையைக் காட்டினேன், பார்க்கவில்லை.
எதிர்க்கட்டில் நேபாளி தில்பகதூர்
சண்டை எதற்கென்று புரியாமலே சிரித்தான்.
முதலில் குறுக்காகப் படுத்தார்,
வடகிழக்கு என்று தனக்கே சமாதானம் சொல்லி.
கொஞ்ச நேரத்தில் முழுதாகத் திரும்பினார்.
லாரி போனதா நிற்கிறதா, எதுவும் சொல்லவில்லை.
இருபது நிமிடத்தில் குறட்டை.
அதையும் அளந்தேன், பழக்கதோஷம்:
எழுபது சொச்சம்.

இப்போது வடக்கே தலைவைக்கிறவர்கள் மூன்று பேர்.
நான் மட்டும் மேல்கட்டிலில்
தெற்கிலேயே படுக்கிறேன்,
சுவரை ஒட்டி, மலையின் உச்சியில்.
எனக்கு வாய்த்த உண்மையான பாஸ்
அது ஒன்றுதானே.

நேற்று இரவு, துண்டெடுக்கக் குனிந்தபோது
கட்டிலடியில் அந்தக் கூம்பு,
எந்தக் கம்பியோடும் சேராமல்.
காசுகளைப் பிரித்து எப்போதோ டீ குடித்தாயிற்று,
காய்ந்த மாவு மட்டும் ஐந்து வட்டம்.
விரல் வைத்தேன்.
ஆடிக்கொண்டிருந்தது.