பதினான்காம் பத்தி

கெர்ரி பிளெங்கின் அவர்களுக்கு,
என்றுதான் அந்தக் கடிதம் தொடங்கியது.
எழுதியவன் நான்.
வெள்ளிக்கிழமை, மூன்றே முக்கால் மணி.
ஹம்பர் கழிமுகத்துக் காற்று
ஜன்னல் ரப்பரைப் பிய்த்துக்கொண்டிருந்தது.
மேசையில் பாதி தின்ற சாண்ட்விச்.
வரிசையில் இன்னும் பதினோரு கோப்புகள்.

"வேண்டுமென்றே வீடிழந்தவர்" என்பது
சட்டத்தில் இருக்கிற சொல், என் சொல் அல்ல.
ஆனாலும் தட்டச்சிடும்போது
ஒருமுறையாவது விரலை நிறுத்தியிருக்கலாம்:
எந்தப் பெண் விடிகாலை எழுந்து
இன்று வீடிழப்போம் என்று
தலைவாரிக் கிளம்புவாள்?

மறுபரிசீலனை கேட்டிருந்தாள்.
அது முடியும்வரை தங்க ஓர் அறையும்.
மறுத்தேன். மறுக்க எனக்கு அதிகாரம் உண்டு.
காரணம் பதினான்காம் பத்தியில் உண்டு:
"தங்கள் இரு மகன்களின் நலனையும்
கவனமாகக் கருத்தில் கொண்டோம்."

அவளுக்கு ஒரே மகள்.
மார்னி, வயது ஆறு.
மூச்சிரைப்பு, நீல நிற இன்ஹேலர்.
கோப்பின் ஒன்பதாம் பக்கத்தில் மருத்துவர் கடிதம்,
ஸ்டேப்ளர் முள்ளில் கை பட்ட தடம்கூட இல்லாமல்.

அன்றிரவு ஒன்பதரைக்கு
எங்கோ தன் வீட்டுச் சமையலறையில் நின்றபடி
இரவுமுறை நீதிபதி தொலைபேசியில் கேட்டார்.
பின்னணியில் நாய் குரைத்ததாம்.
திங்கள் மாலை நான்கு மணிவரை
ஓர் அறை கொடுங்கள் என்றார்.
கொடுத்தோம்.
ரயிலடிக்கு எதிரே, மூன்றாம் மாடி.
லிஃப்ட் இல்லை.
திங்கள் வந்தது, உத்தரவு நீண்டது.

ஐந்து வாரம் கழித்து லீட்ஸில்
நீதிமன்றத்தின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.
அவள் நல்லவளா,
வாடகை பாக்கி எப்படி ஏறியது,
எவன் விட்டுவிட்டுப் போனான்,
எதுவும் அந்த அறையின் வேலையில்லை.
கேள்வி முழுக்க என்னைப் பற்றி:
எதைப் பார்த்தேன்,
எதைப் பார்க்கவில்லை,
பார்க்காததைப் பார்த்ததாக ஏன் எழுதினேன்.

எங்கள் வழக்கறிஞர் எழுந்தார்.
"தட்டச்சுப் பிழை, மை லேடி."
நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.
"தட்டச்சுப் பிழையில் ஓர் எழுத்து மாறும்.
இங்கே குழந்தையே மாறியிருக்கிறதே."

முடிவு ரத்து.
வீடு கொடு என்று தீர்ப்பு சொல்லவில்லை,
திரும்ப முடிவெடு என்றது. அவ்வளவுதான்.
கெர்ரி என்னைக் கடந்து போனாள்,
ஜெயித்தவள் நடை அல்ல,
பஸ்ஸைத் தவறவிடப் பயந்தவள் நடை.
என் முகம் அவளுக்குத் தெரியாது.
கையெழுத்து தெரியும்.

திங்கட்கிழமை கோப்பை முழுதாகப் படித்தேன்.
நான்கு மணிநேரம் பிடித்தது.
அறை தொடரட்டும் என்று எழுத
ஒரு வரி போதுமாயிருந்தது.
மற்ற பதினோரு கோப்புகள்
இருபத்தாறாகியிருந்தன.

பிறகு, யாரும் உத்தரவிடாமலே,
அந்த இரு மகன்களைத் தேடினேன்.
பத்தி வானத்திலிருந்து விழவில்லையே,
எங்கிருந்தோ வெட்டி ஒட்டியதுதானே.

இரண்டு குளிர்காலத்துக்கு முந்தைய கடிதம்.
லின்சி ஸ்டேதர்ஸ் அவர்களுக்கு.
மகன்கள் ரீஸ், கானர்.
பிழையே இல்லாத கடிதம்:
எண்ணிக்கை சரி, பெயர்கள் சரி,
"கவனமாக" என்ற சொல்லும் அதன் இடத்தில்.
கோப்பைப் புரட்டினால்
பையன்களைப் பற்றி அந்த இரு பெயர்கள் தவிர
ஒரு துண்டுக் காகிதம் இல்லை.
எந்தப் பள்ளி, எங்கே படுக்கிறார்கள், சாப்பிட்டார்களா,
நான் கேட்டதற்கான அடையாளம் எதுவுமில்லை.

லின்சி வழக்கறிஞரிடம் போகவில்லை.
மூன்று மாதக் கெடு
எந்தக் கோடையிலோ கடந்துவிட்டது.
படியேறி வந்தவளுக்காகத்தான்
நீதிமன்றம் என்னைக் கேட்கும்.

தற்போதைய முகவரி என்ற கட்டத்தில்
என் கையாலேயே எழுதியிருக்கிறேன்:
தெரியவில்லை. கோப்பு மூடப்பட்டது.
கீழே சுருக்கொப்பம்.
தேதிகூடச் சரியாகத்தான் போட்டிருக்கிறேன்.