ஐந்தாம் கால்

டண்டீயில் மழை.
பதினான்கு மாதமாய் எங்கள் ஸ்டூடியோ
விற்றும் விற்காமலும் கிடக்கிறது.
ஒரு நாற்காலி வாங்கக்கூட
லண்டனில் யாரோ தலையாட்ட வேண்டும்.

போட்டி ஆணையம்
மின்னஞ்சல்களை அள்ளிக்கொண்டு போனது.
நேற்று வக்கீல் கேட்டார்:
"'ஐந்தாவதைச் சத்தமில்லாமல் வெட்டிவிடலாம்' —
எந்த நிறுவனத்தை, மிஸ் யாழரசி?"

குதிரைக் காலை, என்றேன்.
மூன்றாம் லெவலில், ஆற்றங்கரையில்,
அதற்கு ஒன்று கூடுதலாய் முளைக்கிறது.

எழுதிக்கொண்டார். சிரிக்கவில்லை.

அதைச் சரிசெய்யத் தெரிந்தவன் கிரெய்க்.
போன வாரம் விலகிவிட்டான்.
அந்த இடத்துக்கு ஆளெடுக்கத் தடை.

மாலையில் கடிதம்:
மேற்படிக் கோப்பை
மாற்றவோ அழிக்கவோ கூடாது. ஆதாரம்.

விளக்கை அணைக்குமுன் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன்.
இறங்கியது தண்ணீரில்,
ஐந்து காலோடு.
நன்றாகத்தான் நீந்துகிறது, பாவி.