பதிவேட்டில் பதினேழாம் எண்

தக்கலை அருங்காட்சியகத்தின் மாடியறையில்
மின்விசிறிக்கு நேர்கீழே ஏணி போட்டு
ஒரு போரை இறக்கினோம்.
எட்டடி நீளம், ஐந்தடி உயரம்,
கித்தானில் எண்ணெய் வண்ணம்,
வலது ஓரம் கரையான்.
"மெதுவா, சட்டம் இளகிக் கெடக்கு"
என்றார் காவலாளி ஐசக்ராஜ்.

குளச்சல் கடற்கரை. ஆடி மாசம்.
டச்சுக்காரர்கள் தொப்பியைக் கழற்றுகிறார்கள்.
முன்னால் நிற்பவன் வாளை
இரண்டு கையிலும் ஏந்தி நீட்டுகிறான்,
பந்தியில் இலை எடுப்பவனைப் போல.

வரைந்தவர் ஞானசிகாமணி, மார்த்தாண்டம்.
சினிமா பேனர்; இடையிடையே
மாதாகோவில் கூரையில் மேகங்கள்.
எந்தப் போரையும் பார்த்தவரில்லை.
கடலைப் பார்த்திருக்கிறார்:
அலை மடியும் இடத்தில் மட்டும்
தூரிகை தயங்கவேயில்லை.

கரையான் தட்டப் படத்தைத் திருப்பினேன்.
முதுகில் பென்சில் கணக்கு.
நீலம் ரெண்டு டியூப்.
கோடிமுனை சூசைநாயகம்,
நிக்க மூணு நாள், ஒன்பது ரூபாய்.
மண்ணில் கெடக்க ஒரு நாள், ரெண்டு ரூபாய்.
(கெடக்கது லேசு, ஒரு ரூபாய் குறைச்சாச்சு.)

மறுபடி முன்பக்கம் திருப்பி
அவரைத் தேடினேன்.
வாள் நீட்டுகிறவனுக்கு இடது பெருவிரலில் நகமில்லை.
வாங்குகிறவனுக்கும் இல்லை.
கொடி பிடித்தவன், கொடியை மிதிப்பவன்,
பீரங்கியில் கையூன்றிய செம்பட்டை முடிக்காரன்,
எண்ணிப் பார்த்தேன், பதினோரு பேர்,
பதினோரு பெருவிரல்.
மணலில் செத்துக் கிடப்பவன் மட்டும்
ஒரு கண்ணைக் கொஞ்சம் திறந்திருக்கிறான்,
வெயில் சாய்ந்ததா என்று பார்க்க.

துடுப்பைத் தோளில் சாய்த்துத்
துப்பாக்கியென்று காட்டினார்களாம் கரைக்காரர்கள்.
இங்கே எல்லோரும் சொல்கிற கதைதான்;
ஒருவருக்கும் பெயர் கிடையாது.
படத்தின் பின்வரிசையில் அவர்களும் உண்டு.
துடுப்பைப் பிடித்த அந்தக் கைகள் மட்டும்
நடிக்கவில்லை.

பதினெட்டாம் எண் அதே ஓவியர்.
சுபேதார் மாசிலாமணி, பர்மா முனை.
நான்கு பதக்கம், நாடாவின் ஒவ்வொரு கோடும் சுத்தம்.
முகம் இருக்கவேண்டிய இடத்தில்
சாக்குக்கட்டி வட்டம்.
பின்னால்: பாக்கி பதினைந்து ரூபாய்.
வீட்டில் யாரோ
அடுத்த மாசம் தருகிறோம் என்றிருப்பார்கள்.

மதியத்துக்கு மேல்
திருவனந்தபுரம் பஸ்கள் கண்ணாடியை அதிரவைக்க
பதிவேட்டை நிரப்பினேன்.
"சித்தரிக்கப்பட்டவர்" என்று ஒரு கட்டம்.
டச்சுத் தளபதின்னு எழுதுங்க, என்றார் அதிகாரி.
எழுதினேன்.
சம்பளம் அவர் கையெழுத்தில்தான் வருகிறது.
குறிப்புக் கட்டத்தில்,
இடமிருந்ததால்,
இடது பெருவிரலில் நகம் இல்லை
என்றும் எழுதினேன்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
அவர் கேட்டார்:
"இதென்ன, சேதமா?"
இல்லை சார்.
அசல்.