இரட்டை இடைவெளி

கிளாக்ஸ்விக்கில் மூன்றாம் நாளாக மூடுபனி.
'படகு விற்பனைக்கு' என்று தட்டி
தடித்த எழுத்தாக்கினேன். கத்தியது.
சாய்வெழுத்தாக்கினேன். கெஞ்சியது.
சும்மா விட்டுவிட்டேன்.

விவரங்களை ஹைனி முன்பே எழுதிவைத்திருந்தான்.
பழைய கோப்பிலிருந்து வெட்டி ஒட்டினேன்.
எஞ்சினின் வயது, தூண்டில் இழுக்கும் கருவி,
இடப்பக்கம் ஒரு கீறல் (பாறையின் தவறு).
அவனுடைய நீலத்தோடு
அவனுடைய பெரிய எழுத்தளவோடு
வந்து உட்கார்ந்தது பத்தி,
ஈரக் காலணியைக் கழற்றாமல்
சமையலறைவரை வருகிற ஆள் மாதிரி.

'வடிவமைப்பை நீக்கு' என்றொரு பொத்தான்.
அழுத்தினேன்.
நீலம் போயிற்று. அளவு ஒடுங்கிற்று.
என் வரி எது, அவன் வரி எது
எனக்கே தெரியவில்லை.

ஆனால்
முற்றுப்புள்ளிக்குப் பிறகு
இடைவெளியை இரண்டு முறை தட்டுவான்.
அதை எந்தப் பொத்தானும் கண்டுகொள்வதில்லை.
கர்சரைக் கொண்டுபோய் நிறுத்தி
ஒன்றை அழித்து ஒன்றை விட்டு
ஒன்றை அழித்து ஒன்றை விட்டு
மொத்தம் பதினோரு வாக்கியம்.

ஒன்பதாவதில் தொலைபேசி.
அதற்குள் தோர்ஷவ்ன்வரை எப்படித்தான் போனதோ செய்தி.
விலை குறையுமா என்றார்.
குறையாது என்றேன்,
தேவைக்கு மேல் சத்தமாக.

கடைசி இரண்டும்
அப்படியே போய்விட்டன.