எதிர்க் கால்வட்டம்

மின்விசிறி தாளைத் தூக்கிக்கொண்டே இருந்தது.
பென்சில் பெட்டியை ஓரத்தில் வைத்து அமுக்கினேன்.
அதன் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது
கேள்வியின் கடைசி வரி.

டான் தீட்டா, மைனஸ் முக்கால்.
அவ்வளவுதான் என் கண்ணில் பட்டது.
தீட்டா இரண்டாம் கால்வட்டத்தில் இருப்பதை
பெட்டி படித்தது, நான் படிக்கவில்லை.

மைனஸ் என்றதும் கை கீழே போனது.
வலப்பக்கம் நாலு, கீழே மூணு,
கர்ணம் ஐந்து.
சைன் தீட்டா: ஐந்தில் மூன்று, மைனஸ்.
அழகாகக் கோடு போட்டு
அடுத்த பகுதிக்குப் போய்விட்டேன்,
இரண்டு தீட்டாவுக்கு.

வெளியே வந்தால் மழை.
கோலகெட்டில் பஸ் நிலையத்தின் தகரத்தில்
பேச்சு எதுவும் நிற்கவில்லை.
செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள்
ஆலைப் பக்கம் திரும்பத் திரும்ப
ரோட்டில் முள்ளும் பழமுமாய் நசுங்கிக் கிடந்தது.

தர்மினி மைலோ ஐஸில் ஸ்ட்ராவை நனைத்து
மேசைமேல் வரைந்தாள்:
இடப்பக்கம் நாலு. மேலே மூணு.
"இரண்டாவதுன்னு கொட்டை எழுத்துல இருந்துச்சேடி."

எனக்கு வயிறு கரைந்தது.
அவள் மேலே, நான் கீழே.
அவள் இடம், நான் வலம்.
ஒரே கோட்டின் இரண்டு முனையில்
நேர் எதிரும் புதிருமாக இரண்டு பேர்.
எட்மெட்ஸில் பெயில் ஆனால்
ஆலை ஆபீசில் எடை போடும் வேலை இருக்கிறது என்று
அப்பா சொல்லியிருப்பது ஞாபகம் வந்தது.
நல்ல மனதோடுதான் சொன்னார்.

ரசீதைத் திருப்பிப் போட்டேன்.
சைனையும் கோஸையும் பெருக்கி இரட்டித்தால்
அவளுக்கு: இருபத்தைந்தில் இருபத்து நாலு, மைனஸ்.
எனக்கு:
இருபத்தைந்தில் இருபத்து நாலு.
மைனஸ்.

மறுபடி போட்டேன்.
என் மைனஸ் சைனில் உட்கார்ந்திருந்தது,
அவள் மைனஸ் கோஸில்.
பெருக்கலுக்கு யார் கொண்டுவந்தது என்ற கவலை இல்லை.
கோஸ் இரண்டு தீட்டாவுக்கு
பதினாறில் ஒன்பது போனால் ஏழு,
வர்க்கத்துக்கு இடம் வலம் தெரியாது.
இருபத்தைந்தில் ஏழு, இருவருக்கும்.

"தப்பு பண்ணி எப்பிடிடி சரியா வந்துச்சு?"
தர்மினிக்குக் கோபம்கூட வந்தது.

அவளுக்கும் எனக்கும் இடையே அரைச் சுற்று.
அரையை இரட்டித்தால் முழுச் சுற்று.
முழுச் சுற்று சுற்றியவன்
கிளம்பின இடத்தில்தான் நிற்கிறான்.
டான் மட்டும் போதும், இரட்டிப்பதற்கு.
கால்வட்டத்தைச் சும்மாதான் கொடுத்திருக்கிறார்கள்.

சும்மா இல்லை. முதல் பகுதிக்குக் கொடுத்தது.
இரட்டிக்காத தீட்டா
எங்கே நிற்கிறது என்று சொல்லித்தான் ஆக வேண்டும்.
அந்த மார்க் போனது போனதுதான்.
ரொஸ்மா டீச்சர் சிவப்பில் ஒரு வட்டம் போட்டு
பக்கத்தில் கேள்விக்குறி வைத்திருந்தார்,
அதற்கும் கீழே இரண்டு சரிகள்,
கொஞ்சம் தயங்கிப் போட்டது மாதிரி.

விடியற்காலை ஐந்துக்கு
அம்மாவின் கையுறைத் தொழிற்சாலை பஸ்
சுங்கைப்பட்டாணி பக்கம் போகும்.
அப்பாவின் லாரி பாலிங் பக்கம்.
தீபாவளிக்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்வதில்லை.
ஒரே ரோடு.
நான் நடுவில், பூஜ்ஜியத்தில் நின்று
இரண்டு பக்கமும் கையாட்டுகிறேன்.

இதற்கும் சூத்திரம் இருக்கும் என்று
நான் சொல்ல வரவில்லை.
ரசீதை மட்டும் எறியவில்லை.
மைலோ ஐஸ் இரண்டு, ரொட்டி சானாய் ஒன்று,
பின்பக்கம் ஒரே விடை இரண்டு தடவை.