ஏழு மில்லி

ராத்திரி முழுக்க காசிமேட்டில் ஐஸ் உடைத்த லுங்கியோடு
வரிசையில் நிற்கிறேன்.
முன்னால் நிற்பவன் மூக்கைப் பொத்துகிறான்.
பொத்தட்டும்.
கம்பிச் சன்னலுக்கு அந்தப் பக்கம்
சிஸ்டர் அளந்து ஊற்றுகிறார்: ஏழு மில்லி.
ஆடியில் பன்னிரண்டு.
விழுங்கியதற்குச் சாட்சியாகப்
பேரைச் சொல்லி வாயைத் திறக்க வேண்டும்.
இருதயராஜ்.
ஆ.

"மெத்தடோனும் போதைதானடா" என்கிறான் மச்சான்.
இருக்கலாம்.
அதை ஏற்றிக்கொண்டு
ரயில்வே லைனோரம் எறும்பேறக் கிடந்தேன்.
இதைக் குடித்தால் பசிக்கிறது,
வடகறி வாசனைக்குக் கால் நிற்கிறது.

கொருக்குப்பேட்டை ஹவுசிங் போர்டு வாசலில்
சிலிண்டரோடு பிலோமினாக்கா.
மூன்றாவது மாடி.
கீழேயே இறக்கிவிட்டுப் போய்விட்டானாம் பையன்.
நாலு வருசம் முன்னால்
குழம்பு கொதிக்கக் கொதிக்க
அவர் வீட்டுச் சிலிண்டரைக் கழற்றிக்கொண்டு ஓடியவன் நான்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.
"தூக்குறியா?"

அவர் முன்னால் ஏறினார்.
திரும்பிப் பார்க்கவில்லை.
இரண்டாவது மாடியில் எனக்கு மூச்சு வாங்கியது,
அதற்கும் திரும்பவில்லை.

ரெகுலேட்டர் மாட்டி
சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன்.
கசிவில்லை.

பிறகு அவர் சங்கிலி எடுத்துவந்து
சன்னல் கம்பியோடு சிலிண்டரைப் பூட்டினார்.
சாவி எங்கே போகிறதென்று தெரியாமலிருக்க
நான் சுவரில் காலண்டர் பார்த்தேன்.