கணவாய்

எங்கள் பக்கம் கணவாய் என்றால்
மலை விட்டுக்கொடுத்த இடைவெளி.
ஆனி பிறந்தால் காற்று அதன் வழியே வந்து
கணபதியில் எங்கள் பட்டறைத் தகரத்தைத்
தூக்கித் தூக்கிப் பார்க்கும்.

உக்கடம் மார்க்கெட்டில் கணவாய் என்றால்
மைப்பையோடு கிலோ முந்நூற்று இருபது.
அஸ்கர் எனக்குக் கால் கிலோ எடுத்துவைப்பான்,
'இதத் தின்னாம மீனுக்கு வைக்கறீங்களேண்ணா' என்று
ஒவ்வொரு சனிக்கிழமையும் சலித்துக்கொண்டே.

அந்தக் கணவாயை ஐஸில் பொதிந்து
இந்தக் கணவாயைத் தாண்டிப் போவேன்,
வாளையாறு, ஒத்தப்பாலம், பொன்னானி,
பைக்கில் நாலு மணி நேரம்.
கடலில் கொட்டிய கருங்கல் மேல் உட்கார்ந்து
லேத்தில் நானே கடைந்த பித்தளைக் குண்டை
எறிவேன். நாற்பது கிராம்.
அதில் ஒரு நூல் பிசகு இருக்காது.
கடல் அதையெல்லாம் அளந்து பார்ப்பதில்லை.

போன வாரம் இரண்டே கால் மணிக்குக்
கம்பு வளைந்தது, வளைந்தபடியே நின்றது.
துள்ளல் இல்லை, ஓட்டம் இல்லை.
சாக்கடை மூடியை இழுக்கிற மாதிரி
அடியோடு ஒட்டிக்கொண்டு ஒரு கனம்.
அரை மணி நேரம். முழங்கை விட்டுப்போச்சு.
டார்ச் அடித்தால் திருக்கை.
'திரண்டி! வால் நோக்கிக்கோ' என்றார்
பக்கத்துக் கல்லில் இருந்த மலையாளத்தார்.

வாலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அதனால் முதலில் கவனிக்கவில்லை.
மடித்த வெற்றிலை போல ஒன்று
அடிவயிற்றிலிருந்து வழுகிக் கல்லில் விழுந்தது.
சுருள் பிரிந்தது.
உள்ளங்கை அகலம், அதற்கும் ஒரு வால்,
அதற்கும் கண் திறந்திருந்தது.
அப்புறம் இன்னொன்று.
அப்புறம் இன்னொன்று.

நரம்பை அறுத்துத் தாயைத் தள்ளிவிட்டேன்.
செருப்பைக் கழற்றி, அதில் ஏந்தி,
குட்டிகளை அலைக்குக் கொண்டுபோனேன், இரண்டை.
மூன்றாவது கல்லிடுக்கில் போய்விட்டது.
கை போகாத இடுக்கு.
டார்ச்சில் பேட்டரி தீரும்வரை
அது அங்கே மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

ஞாயிறு மத்தியானம் வீட்டுப்படி ஏறினால்
'ஒண்ணுமே சிக்கலீங்ளா?' என்றாள் ரத்தினா.
'கணவாயத் தின்னுபோட்டுப் போயிருச்சு' என்றேன்.
அவள் வாளையாறு பக்கம் கைகாட்டினாள்:
'அத்தாச்சோட்டு மலையவா?'
சிரித்தேன். குளிக்கப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை, காலை ஷிஃப்ட்.
டூல் பட்டதும் ஷாஃப்டிலிருந்து
இரும்பு சுருள் சுருளாய்க் கழன்று
பால் நிறக் கூலண்டில் விழுகிறது.
பதினோரு வருஷமாய் விழுகிறது.
ஒன்று மட்டும் தட்டு விளிம்பில் விழுந்து
மெல்ல அசைந்தது.
காற்றுதான். ஜன்னல் திறந்திருந்தது.

அந்த ஷாஃப்டில் அரை மில்லி கூடுதலாய்ப் போய்விட்டது.
வெர்னியரை இரண்டு முறை வைத்துப் பார்த்தேன்.